தாப்பாஸ் கடையில் ஒரு மாலைப்பொழுது

ஸ்பெயின் தேசத்துக்கு முதன்முதலாகப் போகிற பிரயாணி, நம் ஊர் வழக்கப்படி மாலை ஏழு மணிக்கு நல்ல பசியோடு சாப்பாட்டுக் கடையைத் தேடிப் புறப்பட்டாரானால், சமையலறை இன்னும் திறக்கவில்லை என்ற பதிலைத்தான் வாசலுக்கு வாசல் கேட்பார். அங்கே மத்தியான்னச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல் தொடங்கி நாலு மணி வரையில் சாவகாசமாக நடக்கிறது. இராச் சாப்பாட்டுக்கு ஒன்பது மணிக்கு முன்னால் உட்காருகிறவர்கள் அநேகமாக வெளிதேசத்தார்தாம். இந்தத் தாமதத்துக்கு ஜனங்களுடைய சோம்பலைக் காரணமாகச் சொல்லுவது சிலருக்கு வழக்கமாயினும், பழியில் ஒரு பங்காவது கடிகாரத்தைச் சேர வேண்டும். பூகோளப் படத்தில் பார்த்தால் பெரும்பாலும் லண்டனுக்கும் மேற்கே தள்ளிக் கிடக்கிற அந்தத் தேசம், 1940-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசாங்கம் இட்ட உத்தரவினால் தன் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்து ஜெர்மனியின் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, பிராங்கோவும் 1975-இல் காலமாகி, எத்தனையோ மாறுதல்கள் நிகழ்ந்த பின்னும் அந்த முள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அதன் பயனாக, ஜூன் மாதத்தில் செவில் நகரத்துச் சூரியன் இரவு ஒன்பதே முக்கால் மணிக்குத்தான் அஸ்தமிக்கிறான். வெயில் தாழும் வரையில் வெளியே தலை நீட்ட முடியாத அந்த ஊரில், உத்தியோகம் முடிந்த வேளைக்கும் இராச் சாப்பாட்டுக்கும் நடுவே கிடக்கிற நீண்ட இடைவெளியை, கடிகார உத்தரவுக்கு மிகவும் முந்தியதாகிய தாப்பாஸ் என்னும் சம்பிரதாயம் நிரப்பி வருகிறது.

தாப்பா என்றால் ஸ்பானிய பாஷையில் மூடி. தாப்பாஸ் என்பது பன்மை. நாலைந்து ஆலிவ் காயானாலும், எண்ணெயில் பொரித்த நெத்திலியானாலும், ஒரு கரண்டி இறைச்சிக் குழம்பானாலும், சிறிய தட்டில் ஏறி ஒரு கிளாஸ் பானத்துக்குத் துணையாக வந்துவிட்டால் அது தாப்பா ஆகிவிடுகிறது. ஆகவே தாப்பாஸ் எப்படி ருசிக்கும் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வாக்கியத்தில் விடை சொல்லுவதற்கில்லை. அதை உண்ணும் முறையை மட்டும் திட்டமாகச் சொல்லலாம். ஒரு கடைக்குள் நுழைந்து, நீண்ட பலகை மேடையருகே நின்றபடியே, அந்தக் கடைக்குப் பெயர் வாங்கித் தந்த பண்டம் எதுவோ அதை மட்டும் கேட்டு வாங்கி, ஒரு கிளாஸ் குடித்து, சிறிது நேரம் பேசியிருந்து, காசைக் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்து அடுத்த கடைக்குப் போவதும், அங்கே அதற்குப் பெயர்போன வேறொன்றைக் கேட்பதும், இவ்வாறு நாலைந்து கடை ஏறி இறங்குவதற்குள் இராச் சாப்பாட்டு வேளை வந்துவிட்டதென்றோ இனி அது வேண்டியதில்லை என்றோ கண்டுகொள்வதும்தான் அம்முறை. லண்டனிலும் நியூயார்க்கிலும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து எட்டுத் தட்டுகளை ஒருங்கே வரவழைத்து, தாப்பாஸ் சாப்பிட்டோம் என்று சொல்லிக்கொள்ளுகிறவர்கள் பண்டங்களையெல்லாம் ருசி பார்த்திருக்கலாம். ஆனால் அந்தச் சாப்பாட்டில் சரிபாதியாகிய நடையை விட்டுவிட்டார்கள் என்பதே என் அபிப்பிராயம்.

வரிசையில் நிற்கும் வழக்கம் அக்கடைகளில் கிடையாது. ஜனக் கூட்டமும் கூச்சலும் பாத்திர ஓசையும் ஒன்றாய்க் கலந்து வாசலிலேயே வந்து மோதுவதைக் கண்டு, இடமில்லை என்று எண்ணிப் புதிதாய் வந்தவர் திரும்பிவிடுவது இயல்பு, திரும்ப வேண்டியதில்லை. ஒரு தோள் நுழையும் இடுக்குப் பலகையருகே அகப்பட்டால் அதுவே ஆசனம். பரிசாரகரின் கண் நம்மேல் படும் வரையில் பொறுத்திருந்து, பட்டவுடன் வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். தயங்குகிறவரை விட்டு அவர் அடுத்தவரிடம் போய்விடுவார், அதில் அவமரியாதை ஒன்றுமில்லை. பெரும்பாலான பண்டங்களை மூன்று அளவில் விற்கிறார்கள்: ஒருவருக்கு மூன்று நாலு வாய் வரும் தாப்பா, இரண்டு பேருக்குப் போதுமான அரை ராசியோன், ஒரு கூட்டமே பகிர்ந்து உண்ணும் முழு ராசியோன். பலகையருகே நின்றால் ஒரு விலை, வெளியே நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்தால் அதற்கு மேல் ஒரு விலை என்று வைத்திருக்கும் கடைகள் அநேகம். மேஜைக்குத் தாப்பா அளவில் கொண்டுவர மாட்டோம், ராசியோன்தான் என்று கண்டிப்பாய்ச் சொல்லும் கடைகளும் உண்டு. பீர் கேட்டால் வருவது கான்யா என்கிற சிறு கிளாஸ்; இருநூறு மில்லிலிட்டர் அளவுதான் அதில் பிடிக்கும். வெக்கை மிகுந்த தேசத்தில் பெரிய கிளாஸில் வாங்கினால் பாதி குடிப்பதற்குள் சூடேறிப் போய்விடுமாகையால், சிறியதை வாங்கிக் குளிர்ச்சி போவதற்குள் முடித்துவிட்டு, வேண்டுமானால் இன்னொன்று வாங்குவது அவர்கள் கண்ட யுக்தி. கைதுடைக்க வைத்திருக்கும் காகிதம் மாத்திரம் விளங்காத மர்மம்: வழவழவென்று மெழுகுத் தாள் மாதிரி இருக்கும் அது எண்ணெயைத் துடைப்பதில்லை, விரலிலிருந்து உள்ளங்கைக்கு இடம் மாற்றி வைக்கிறது. அதைக் கசக்கி, ஆலிவ் கொட்டையோடும் பல் குத்தும் குச்சியோடும் தரையிலேயே போட்டுவிடுவது பழைய வழக்கம். குப்பை மலிந்த தரையை நல்ல வியாபாரத்துக்கு அடையாளமாகக் கொண்டார்கள். இப்போது அந்த வழக்கம் குறைந்து வருகிறது. 2011-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கடைகளுக்குள் புகை பிடிப்பதைச் சட்டம் தடுத்துவிட்டதால், அந்தக் குப்பையில் சிகரெட்டுத் துண்டும் சாம்பலும் சேருவதில்லை.

செவில் நகரத்தில், சாந்தா கத்தலீனா கோயிலுக்கு அருகே ஹெரோனா வீதியில் எல் ரின்கோன்சீயோ என்றொரு கடை இருக்கிறது. 1670-ஆம் ஆண்டில் தொடங்கியதென்று சொல்லப்படும் அதுவே அந்த நகரத்திலுள்ள கடைகளில் மிகப் பழையதென்று பிரசித்தி பெற்றது. சுவரில் சித்திர வேலை செய்த மெருகு ஓடுகள், உத்தரம் வரையில் உயர்ந்த மர அலமாரிகளில் தூசி படிந்த மதுப் புட்டிகள், தலைக்கு மேலே வரிசையாய்த் தொங்கும் பன்றித் தொடைகள், இவற்றுக்கு நடுவே காலங்காலமாக முழங்கைகள் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்கிய ஒரு மரப் பலகை. நாம் எதைக் கேட்டாலும் அதைக் கொண்டுவந்து வைத்த கையோடு, பரிசாரகர் நமக்கு எதிரேயே அந்தப் பலகையின்மேல் சுண்ணக்கட்டியால் அதன் விலையை எழுதுகிறார். இரண்டாவது பண்டம் வந்தால் முதல் எண்ணுக்குக் கீழே இன்னோர் எண். புறப்படுகிறோம் என்று ஜாடை காட்டினால், தலைகீழாகத் தெரியும் அந்த எண்களை ஒரே பார்வையில் கூட்டி, அடிக்கோடிட்டுத் தொகையை எழுதி, பணம் கைக்கு வந்ததும் ஈரத் துணியால் ஒரே துடைப்பாகத் துடைத்துவிடுகிறார்; அடுத்தவருக்கு அந்த இடம் தயாராகிவிடுகிறது. காகிதமில்லை, பேனாவில்லை, மேஜைக்கு இலக்கமில்லை. பக்கத்தில் நிற்கிறவர் கணக்கும் நம் கணக்கும் ஒரு சாண் இடைவெளியில் கிடந்தாலும், ஒன்றோடொன்று குழம்பியதாகச் சண்டை வருவதில்லை. பேச்சு சுவாரசியத்தில் சட்டைக் கையால் சொந்தக் கணக்கையே அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய ஜாக்கிரதை மாத்திரம் வாடிக்கைக்காரருடையது.

அந்தக் கடையில் கேட்டு வாங்க வேண்டியது பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் செய்த ஒரு பண்டம். எஸ்பினாக்காஸ் கோன் கார்பான்சோஸ் என்பது அதன் நீண்ட பெயர். பூண்டையும், ஆலிவ் எண்ணெயில் பொரித்த ரொட்டித் துண்டையும், சீரகத்தையும், மிளகாய்த் தூளையும் உரலில் இட்டு இடித்து, சிறிது காடி விட்டுக் கரைத்து, வெந்த கீரையிலும் கடலையிலும் கொட்டிக் கெட்டியாகக் கிளறி எடுக்கிறார்கள். சீரக வாசனை முதலில் வந்து மூக்கை எட்டுவதாலோ என்னவோ, நம் வீட்டுக் கீரைக் கூட்டுக்குத் தூரத்து உறவு என்று சொல்லும்படியாக இருக்கிறது அது. தேங்காய்க்குப் பதிலாக ரொட்டி, புளிக்குப் பதிலாகக் காடி, அவ்வளவுதான். ஐந்நூறு வருஷத்துக்கு மேலாக முஸ்லிம் அரசர்களின் ஆட்சியிலிருந்து 1248-இல் கிறிஸ்தவர் வசமான நகரம் செவில். பசலைக்கீரையை அந்தத் தேசத்துக்குக் கொண்டுவந்தவர்களும், அதைச் சீரகத்தோடு சேர்த்துச் சமைக்கும் வழக்கத்தை விட்டுப் போனவர்களும் அந்த அரபு ஜனங்களே. பின்னர், யூதரும் முஸ்லிம்களும் மதம் மாற வேண்டும் அல்லது தேசத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று கட்டளை பிறந்து, மாறினவர்களும் மனசாரத்தான் மாறினார்களா என்று மத விசாரணைச் சபை துருவித் துருவிப் பார்த்த காலத்தில், பன்றி மாமிசத்தைத் தொடாதவன்மேல் சந்தேகம் விழுந்தது. அப்பொழுது துரத்தப்பட்டவர்களுடைய கீரை கீழே அடுப்பில் கொதிக்க, துரத்தினவர்கள் பரீட்சைக் கருவியாகப் பிடித்த பன்றித் தொடை மேலே உத்தரத்தில் தொங்க, இரண்டையும் ஒரே பலகையில் வைத்து இன்றைக்குச் சமாதானமாக விற்கிறார்கள்.

அந்தத் தொடையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். புலால் உண்ணாதவர்களும் அதை வெட்டுகிறவரின் கைத்திறனைப் பார்ப்பதற்காகப் பக்கத்தில் போய் நிற்கலாம். மேற்கு மாகாணங்களில், ஓக் மரங்கள் விட்டுவிட்டு நிற்கும் பரந்த மேய்ச்சல் காடுகளில், இபேரியப் பன்றி என்னும் கருத்த ஜாதியை வளர்க்கிறார்கள். இலையுதிர் காலத்தின் நடுவில் அம்மரங்களின் கொட்டைகள் விழத் தொடங்கியதிலிருந்து குளிர்காலம் முடியும் வரையில் அவற்றைத் தின்றே கொழுக்கும் பன்றிகளின் பின்தொடைக்குத்தான் மதிப்பு மிகுதி. உப்பிலிட்டு, கழுவி, மலைக்காற்று வரும் அறைகளில் மூன்று வருஷமும் அதற்கு மேலும் தொங்கவிட்டுப் பதப்படுத்துகிறார்கள். நெருப்பும் புகையும் அதைத் தொடுவதில்லை. 2014-இல் வந்த சட்டத்தின்படி, தூய ஜாதியும் ஓக் கொட்டைத் தீனியும் இரண்டும் பொருந்தியதற்குக் கறுப்புச் சீட்டு, கலப்பு ஜாதியாயிருந்தால் சிவப்பு, மேய்ச்சலோடு தானியமும் தின்றதற்குப் பச்சை, அடைத்து வளர்த்ததற்கு வெள்ளை என்று அடையாளம் கட்டுகிறார்கள். கடையில் தொங்கும் ஒவ்வொரு தொடையின் நுனியிலும் குடை கவிழ்த்தது மாதிரி ஒரு சிறு கிண்ணம் செருகியிருக்கும். வெக்கையில் உருகும் கொழுப்பு வாடிக்கைக்காரர் தலையில் சொட்டாமலிருப்பதற்கான ஏற்பாடு அது.

வெட்டுகிறவர், குளம்பு மேல்நோக்கும்படியாகத் தொடையை மரச் சட்டத்தில் இறுக்கி, மேல்தோலை வேண்டிய அளவுக்கு மட்டும் சீவி ஒதுக்கிவிட்டு, ஒரு முழத்துக்குக் கிட்டத்தட்ட நீளமும் விரலகலமும் உள்ள, வளைந்து கொடுக்கும் கத்தியைக் கிடைமட்டமாகப் பிடித்து, அழுத்தாமல் முன்னும் பின்னுமாக இழுக்கிறார். இழுப்புக்கு ஒன்றாக, அப்பால் வைத்த விரல் நிழலாய்த் தெரியும்படியான மெல்லிய துண்டுகள் கழன்று விழுகின்றன. அவற்றை ஒன்றின்மேலொன்று ஏறாமல் தட்டில் பரப்புகிறார். தட்டுச் சில்லென்றிருக்கக் கூடாது. நல்ல தொடையின் கொழுப்பு, அறையின் சூட்டிலேயே இளகிப் பளபளக்கத் தொடங்கிவிடும்; அப்படிப் பளபளக்காவிட்டால், குளிர்ப்பெட்டியிலிருந்து நேரே எடுத்தது என்று தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். எலும்பை நெருங்கியதும் நீண்ட கத்தியை வைத்துவிட்டுக் குட்டைக் கத்தியை எடுக்கிறார். அவசரப்படுத்தினால் அவர் காது கேளாதவர் போலிருந்துவிடுவார்.

தாப்பாஸ் வழக்கம் எப்படித் தோன்றியதென்பதற்குக் கதைகள் ஏராளம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஆண்ட பத்தாம் அல்பொன்சோ என்னும் அறிஞனாகிய அரசன் நோயுற்றபோது, மதுவோடு சிறிது சிறிதாக ஆகாரம் கொள்ளும்படி வைத்தியர் விதித்தாரென்றும், குணமடைந்த அரசன் அதையே ஊருக்கெல்லாம் சட்டமாக்கினானென்றும் சொல்லுவார்கள். பதின்மூன்றாம் அல்பொன்சோ காதிஸ் நகரத்துக் கடற்கரைச் சத்திரமொன்றில் இறங்கியிருந்தபோது, மணற்காற்று வீசியதால் பரிசாரகன் கிளாஸின் மேல் ஒரு துண்டு பன்றித் தொடையை மூடியாக வைத்துக் கொடுத்தானென்றும், அரசன் மெச்சி இன்னொன்றை மூடியோடு கொண்டுவரச் சொன்னானென்றும் மற்றொரு கதை. ஈ விழாமலிருக்க ரொட்டித் துண்டால் மூடினார்கள் என்பார்கள் வேறு சிலர். ராஜாக்கள் வரும் கதைகளுக்கு ஆதாரம் கேட்பது மரியாதையாகாது. ஆனால் உப்புப் பண்டம் தின்றவன் அதிகமாகக் குடிப்பான் என்பதை அறிந்துகொள்ளக் கடைக்காரனுக்கு அரசனுடைய உதவி வேண்டியிருந்திராதென்று நினைக்கிறேன். 1615-இல் வெளிவந்த டான் கிஹோட்டே இரண்டாம் பாகத்தில், சான்சோ பான்சா வழியில் சந்திக்கும் யாத்திரிகர்கள் புல்தரையில் பரப்பிவைத்துத் தோற்பையிலிருந்து மதுவோடு உண்ணுவது, ஆலிவ் காயும் பாலாடைக் கட்டியும் அக்ரோட்டும் பன்றித் தொடையின் எலும்பும்தான். தாகத்தை வரவழைக்கும் பண்டங்களின் மகிமை அந்த ஆசிரியருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மதுவைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை எழுதி முடிக்க இயலாது. செவிலுக்குத் தெற்கே, ஹெரேஸ் என்ற ஊரைச் சுற்றிய சுண்ணாம்பு மண்ணில் விளையும் வெள்ளைத் திராட்சையிலிருந்து ஷெர்ரி வடிக்கிறார்கள். அதில் ஃபீனோ என்னும் வகையை வைக்கும் மரப் பீப்பாயை நிறைய நிரப்புவதில்லை. ஆறில் ஒரு பங்கு போல வெற்றிடம் விடுகிறார்கள். அந்த இடத்தில், மதுவின் மேற்பரப்பில், ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் கூடிப் பாலாடை மாதிரி ஒரு வெண்படலம் விரிக்கிறது. காற்றுப் பட்டுக் கருத்துவிடாமல் மதுவைக் காப்பதும், அதிலிருக்கும் இனிப்பின் சுவடுகளையெல்லாம் தின்று தீர்த்து வறட்சியான ஒரு சுவையைக் கொடுப்பதும் அந்தப் படலமே. குவாதல்கிவீர் நதி கடலோடு சேருமிடத்திலுள்ள சான்லூகார் நகரத்தில், ஈரக் காற்றின் தயவால் அது வருஷம் முழுவதும் அடர்த்தியாயிருப்பதால், அவ்வூர் மதுவுக்கு மன்சனீயா என்று தனிப் பெயரே உண்டு. நூற்றுக்குப் பதினைந்து பங்கு சாராயமுள்ள அதைக் குளிரவைத்துச் சிறு கிளாஸில்தான் கொடுக்கிறார்கள். அந்தக் கிளாஸை வெறும் வயிற்றில் காலி செய்வது அந்த ஊரில் நாகரிகமாகக் கருதப்படுவதில்லை. தெருவில் தள்ளாடுகிறவர்களை அவ்வளவாகக் காண முடியாததற்கு, கிளாஸுக்கு ஒரு வாய் ஆகாரம் என்ற இந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணமாயிருக்கலாம். குடிக்காதவர்களைப் பற்றி ஒருவரும் கவலைப்படுவதில்லை. தண்ணீரையோ பழரசத்தையோ கேட்டு வாங்கிக்கொண்டு எத்தனை நேரமும் நிற்கலாம். மாட்ரிட்டிலும் வடக்கேயும் மோஸ்தோ என்று கேட்டால் போதையில்லாத திராட்சைச் சாறு கிடைக்கும். அதே சொல்லைச் செவில் பக்கத்தில் சொன்னால் அவ்வருஷத்துப் புது மதுவைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்களாகையால், விரதமுள்ளவர்கள் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும்.

கிரனாடாவில் வேறொரு நியாயம் நடக்கிறது. அங்கே பானத்துக்கு மட்டுமே காசு, தாப்பா இனாம். எதைக் கொடுப்பதென்று கடைக்காரர் தீர்மானிக்கிறார். இரண்டாவது கிளாஸுக்கு முதலில் வந்தது வராது, வேறொன்று வரும், மூன்றாவதற்கு இன்னும் சற்று உசத்தியாக ஒன்று வருவதும் உண்டு. அல்மேரியாவில் இனாமாகவே கொடுத்து, எது வேண்டுமென்று கேட்கவும் செய்கிறார்கள். சர்வகலாசாலை மாணவர்கள் மலிந்த கிரனாடாவில், மாதக் கடைசியில் மூன்று கான்யா பீரின் விலைக்கு இராச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் வித்தையில் தேர்ச்சி பெறாதவன் அநேகமாக இருக்கமாட்டான்.

வடக்கே பிஸ்கே வளைகுடாக் கரையிலுள்ள ஸான் செபஸ்தியான் நகரத்துக்கு வந்தால், காட்சியே மாறிவிடுகிறது. அது பாஸ்க் ஜனங்களின் ஊர். தாப்பாவுக்குப் பதிலாக அவர்கள் பின்ச்சோ என்கிறார்கள். ரொட்டித் துண்டின்மேல் மீன், இறால், முட்டை, குடமிளகாய் முதலியவற்றை அடுக்கிக் குச்சியால் குத்தி நிறுத்தி, பலகை முழுவதும் தட்டுத் தட்டாகக் கொலுவைத்திருக்கிறார்கள். வாடிக்கைக்காரர் தாமே எடுத்துத் தின்றுவிட்டு, இத்தனை தின்றேன் என்று கடைசியில் சொல்ல வேண்டும், அல்லது தட்டில் சேர்ந்த குச்சிகளை எண்ணிக்கொள்ளுவார்கள். விஷயம் தெரிந்தவர்கள் இந்தக் கொலுவில் மயங்கிவிடாமல், சுவரிலுள்ள கரும்பலகையைப் பார்த்து, சூடாகச் செய்து தரும் பண்டத்தைக் கேட்கிறார்கள். பழைய பேட்டையின் குறுகிய சந்துகளில் ஒரு கடைக்குக் காளான், இன்னொன்றுக்கு நெத்திலி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கீர்த்தி. நெஸ்டோர் என்கிற கடையில் உருளைக்கிழங்கு முட்டை அடை மத்தியான்னத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று நாளைக்கு இரண்டே இரண்டுதான் போடுகிறார்கள். முன்கூட்டியே போய்ப் பெயர் கொடுத்துவைத்தவர்களுக்குத்தான் துண்டு கிடைக்கும். இன்றைக்குச் சென்னைக் கேக் கடைகளிலும் பாஸ்க் சீஸ்கேக் என்று விற்கிற, மேற்புறம் கருகிய அந்தப் பாலாடைப் பணியாரம், இதே பேட்டையிலுள்ள லா வீன்யா என்ற கடையில் பிறந்தது.

பின்ச்சோக்களில் எனக்கு மிகவும் மதிப்பு ஒன்றின் மேல் உண்டு. ஓர் ஆலிவ் காய், உப்பிலிட்ட நெத்திலி ஒரு துண்டு, காடியில் ஊறிய மெல்லிய பச்சை மிளகாய் இரண்டு மூன்று, இவற்றை ஒரே குச்சியில் கோத்தால் முடிந்தது. அடுப்பும் வேண்டாம், ரொட்டியும் வேண்டாம். 1940-களில் அவ்வூர்க் காஸா வாய்யேஸ் கடையில் தோன்றிய அதற்கு, ரீட்டா ஹேவொர்த் நடித்து 1946-இல் வந்த படத்தின் கதாநாயகியுடைய பெயரையே வைத்து, கில்டா என்று அழைத்தார்கள். படத்தைப் பாதிரிமார்கள் பாவமென்று கண்டித்த காலம் அது. உப்பும் உறைப்பும் உள்ள இந்தப் பண்டத்துக்கு அப்பெயர் பொருத்தமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

உறைப்பு என்றவுடன் தமிழ் வாசகர்கள் அதிகமாக ஆசைப்பட்டுவிடக் கூடாது. மிளகாயையும் உருளைக்கிழங்கையும் தக்காளியையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து முதலில் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர்களே; போர்த்துக்கீசியர் கைமாறி மிளகாய் நம் கரைக்கு வந்து சேர்ந்தபின் நாம் அதை வைத்துச் செய்த சாகசங்களை அவர்கள் தேசம் செய்யவில்லை. பட்டாட்டாஸ் பிராவாஸ் என்று, பொரித்த உருளைக்கிழங்கின்மேல் சிவந்த குழம்பை ஊற்றித் தருவார்கள். உள்ளூர்க்காரர் காரமென்று எச்சரிக்கும் அந்தக் குழம்பு நம் குழந்தைகளைக்கூட அழவைக்காது. கலீசியா மாகாணத்துப் பத்ரோன் மிளகாயை எண்ணெயில் வதக்கிக் கல்லுப்புத் தூவி ஒரு தட்டு கொண்டுவருவார்கள். பத்தில் ஒன்றோ இரண்டோ உறைக்கும், எது என்று கடித்த பிறகுதான் தெரியும் என்பது அதிலுள்ள விளையாட்டு. சைவ உணவுக்காரர்களுக்கு, மேலே சொன்ன கீரையும் கடலையும் தவிர, வட்டமாய் நறுக்கிப் பொரித்த கத்தரிக்காயின்மேல் கரும்புப் பாகு ஊற்றித் தரும் ஆண்டலூசியப் பண்டம் ஒன்று இருக்கிறது. கரும்பும் கத்தரியும் அங்கே அரபு ஜனங்கள் விட்டுச் சென்றவையே. தக்காளியையும் ரொட்டியையும் பூண்டோடு அரைத்த சால்மொரேகோ என்னும் குளிர்ந்த குழம்பைக் கேட்கிறவர்கள், மேலே முட்டையும் பன்றித் தொடைத் துருவலும் தூவ வேண்டாமென்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். சைவம் என்ற சொல்லுக்கு அங்கே பல கடைகளில் கொள்ளும் அர்த்தம், மாமிசம் கொஞ்சமாயிருந்தால் போதும் என்பதுதான்.

இவ்வளவு பண்டங்களைச் சொல்லியும், அந்தக் கடைகளில் ஜனங்கள் செய்யும் பிரதான காரியம் பேச்சுத்தான். மாட்ரிட்டின் நடுவில், 1860-ஆம் ஆண்டு முதல் பொரித்த பக்காலாவோ மீனுக்குப் பெயர்போன காஸா லாப்ரா என்ற கடையில், 1879 மே மாதத்தில் கூடிப் பேசிய ஒரு சிறு கூட்டத்தார்தாம் பாப்லோ இக்லேசியாஸ் தலைமையில் ஸ்பானிய சோஷலிஸ்டுக் கட்சியை ஸ்தாபித்தார்கள். அந்தக் கட்சி பின்னாளில் பலமுறை தேசத்தை ஆண்டிருக்கிறது. எல்லாப் பேச்சும் கட்சியில் முடிவதில்லை. பாஸ்க் நாட்டில், பள்ளிப் பருவத்திலிருந்து பிரியாத சிநேகிதர் குழுக்கள், தினந்தோறும் ஒரே வரிசையில் ஒரே கடைகளுக்குப் போய், கடைக்கு ஒரு சிறு கிளாஸ் மது அருந்தி, நடுநடுவே பாட்டும் பாடிக்கொண்டு வலம் வருவது தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வழக்கம். புறப்படும்போதே ஆளுக்கு இவ்வளவு என்று பொதுப் பணம் திரட்டி ஒருவரிடம் கொடுத்துவிடுகிறார்கள்; எல்லாக் கடையிலும் அவரே செலுத்துகிறார், மிச்சமிருந்தால் மறுநாளைக்கு. தெற்கே அந்த ஏற்பாடும் இல்லை. இந்தக் கடைக்கு நான், அடுத்ததற்கு நீ என்று மாறி மாறிக் கொடுக்கிறார்கள்; அதிலும், உன் முறையா என் முறையா என்று பலகையருகே உரத்த வாக்குவாதம் எழும்பி, இரண்டு பேர் நீட்டிய பணத்தில் யாருடையதை வாங்குவதென்று தெரியாமல் பரிசாரகர் கூரையைப் பார்த்து நிற்பார். விருந்தாளியைக் கொடுக்கவிடுவதே இல்லை. அதற்காக ஒருமுறையாவது முந்திக்கொள்ள முயலாத விருந்தாளியை அவர்கள் மறந்துவிடுவார்கள் என்று எண்ணவும் வேண்டாம்.

வரவர, நகரங்களின் பழைய பேட்டைகளில் வாடகை ஏறி, உள்ளூர்க் குடும்பங்கள் வெளியேறி, பண்டங்களின் புகைப்படங்களை வாசலில் மாட்டி நாலைந்து பாஷையில் கூவி அழைக்கும் கடைகள் மலிந்துவிட்டன. அவற்றில் ஆறு மணிக்கே சாப்பாடு கிடைக்கும், உட்கார இடமும் கிடைக்கும். தட்டுகளும் எட்டுப் பத்தாய் ஒரே சமயத்தில் வந்து இறங்கும். ஸான் செபஸ்தியான் நகரத்தார் பலர், கூட்டத்துக்குப் பயந்து, உரூமெயா நதிக்கு அப்பாலுள்ள குரோஸ் பேட்டைக்குத் தங்கள் மாலை நடையை மாற்றிக்கொண்டுவிட்டார்கள். வியாழக்கிழமை தோறும் அங்கே ஒரு பானமும் ஒரு பின்ச்சோவும் சேர்த்துச் சலுகை விலையில் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. வாய்ப்புள்ளவர்கள் அன்றைக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் திங்கட்கிழமையிலும் நல்ல கடைகள் பல மூடியிருக்கும்.